மேஜரின் கடைசிப் பட்டன்

1. முதல் நாள்

தொல்லியல் துறையில் படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு கண்டுபிடிப்பு வாய்த்தது. பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கல்வட்டத்துக்குள் குழி போட்டிருந்தார்கள். பெரிய பெரிய கற்களை வட்டமாக நட்டு, நடுவில் இறந்தவரைப் புதைப்பது இரும்புக் காலத்து வழக்கம். குழி இடுப்பளவு ஆழம் போயிருந்தது. என்னை இறங்கி அளவெடுக்கச் சொன்னார்கள். டேப்பை வைத்த இடத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. பிரஷ்ஷால் தட்டினேன். பித்தளைப் பட்டன்.

"சார், ஒண்ணு கெடச்சிருக்கு!" என்று கத்தினேன்.

டைரக்டர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

"பட்டனா?"

"ஆமா சார்."

"கிரீடம் போட்டிருக்கா?"

"ஆமா சார்."

"மூடுங்கய்யா" என்றார். "தொர நமக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிட்டான். எல்லாரும் சாப்பிடப் போங்க."

எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நான் மட்டும் குழிக்குள் பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை மேலே தூக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒரு சீனியர் விளக்கினார். மேஜர் பெல்விக் என்று ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி இந்த ஜில்லாவில் கல்வட்டங்களைத் தோண்டியிருக்கிறார். ஒரு குழியை முழுக்கத் தோண்டி முடித்ததும், மண்ணைத் தள்ளி மூடுவதற்கு முன் தன் ராணுவக் கோட்டிலிருந்து ஒரு பட்டனைப் பிய்த்து அடியில் வைப்பார். பின்னால் வருகிறவன் வீணாக மெனக்கெட வேண்டாம் என்பதற்கு அது அடையாளம். நல்ல வழக்கம்தான். ஆனால் அடையாளத்தை அடியில் வைத்ததால், முழுக்கத் தோண்டி முடித்த பிறகுதான் தோண்டியிருக்க வேண்டாம் என்று தெரியும்.

2. மேஜர் யார்

மழைக்காலத்தில் துறையில் வேலை குறைவு. அப்போது நூலகத்தில் மேஜர் எழுதிய அறிக்கையை எடுத்துப் படித்தேன். அவர் இறந்த பிறகு அச்சில் வந்தது அது. முன்னுரையை அவருடைய நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். மேஜரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முன்னுரையில் இருந்ததுதான்.

மீசை முளைக்கும் வயதில் பட்டாளத்தில் சேர்ந்து மதராஸுக்குக் கப்பலேறி வந்தவர். பர்மா சண்டையில் தங்கள் பக்கத்துப் பீரங்கியே வெடித்து, இடது தொடை எலும்பு முறிந்தது, காது கேட்காமல் போனது. எதிரி அவரை ஒன்றும் செய்யவில்லை. நொண்டிக்கொண்டு திரும்பி வந்தவரைச் சண்டைக்கு அனுப்ப முடியாது. அதனால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பாசனக் கால்வாய் வெட்டுவதை மேற்பார்வை பார்க்க அனுப்பினார்கள்.

கால்வாய் ஒரு மேட்டை அடைந்தபோது கூலியாட்களின் மண்வெட்டியில் கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் வந்தன. மேஜர் வேலையை நிறுத்தினார். மேலதிகாரி கால்வாய் எங்கே என்று கேட்டு ஆள் அனுப்பினார். மேஜர் பானைப் படம் ஒன்றை வரைந்து கொடுத்து அனுப்பினார். கால்வாய் இன்றும் அந்த மேட்டைச் சுற்றிக் காரணமில்லாமல் வளைந்து போகிறது. பொதுப்பணித் துறை எஞ்சினியர்கள் அந்த வளைவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் பட்டாளத்தை விட்டு விலகினார். விலக்கினார்கள் என்றும் சொல்லலாம். நண்பர் அதை மரியாதையாக எழுதியிருந்தார். கால்வாய் வெட்டிய அதே ஆட்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கல்வட்டம் தோண்டினார். பட்டாளத்துக்காரர் என்பதால் காலையில் கொம்பு ஊதி ஆட்களை வரிசையில் நிறுத்துவார். குழியின் ஓரம் நூல் பிடித்தது போல் நேராக இல்லையென்றால் திரும்ப வெட்ட வேண்டும். காது கேட்காததால் கத்தித்தான் பேசுவார். கடைசியில் ஜுரம் கண்டு, "தம் பணியிடத்திலேயே காலமானார்" என்று ஒரே வரி. எங்கே புதைத்தார்கள் என்று முன்னுரையில் இல்லை. மதராஸில் ஏதாவது ஒரு கல்லறையில் இருப்பார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

என் பணிக்காலத்தில் இன்னும் சில பட்டன்கள் கிடைத்தன. ஒவ்வொரு முறையும் குழியை மூடிவிட்டுச் சாப்பிடப் போனோம். ஒரு கோட்டில் மொத்தம் எத்தனை பட்டன் இருக்கும், மனிதர் குளிரில் என்ன செய்தார் என்று எனக்குக் கவலையாகவே இருந்தது.

3. மேடு

நான் ஓய்வுபெறப் போகிற சமயத்தில் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு மேட்டைத் தோண்டும் வேலை அவசரமாக வந்தது. தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு காலனியை ஒட்டிய மேடு. மேஜரின் கால்வாய் பக்கத்தில்தான் ஓடியது, ஆனால் அது வளைந்து போவது வேறொரு மேட்டை. மேலே பாதி புதைந்த கல்வட்டம் ஒன்று. மேஜரின் அறிக்கையில் இந்த மேடே இல்லை. அதனால் கைபடாத இடம் என்று முடிவுகட்டினோம்.

அந்த இடத்தில் லாரி நிறுத்துவதற்கு யார்டு போடத் தொழிற்பேட்டைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். எங்களுக்கு ஒரு சீசன் அவகாசம். அதற்குள் அது கலையாத பழைய இடம் என்று நிரூபித்தால் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிப்பார்கள். இல்லையென்றால் லாரி.

சைட் பொறுப்பு மலர்விழி மேடத்திடம். செவ்வாப்பேட்டையில் வீடு. சின்ன வயது, நல்ல படிப்பு, அதைவிட நல்ல பொறுமை. மண் வேலைக்குக் காலனி ஆட்களை எடுத்தோம். அவர்களுக்கு மேஸ்திரி தேவசகாயம். பக்கத்து ரோலிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மில் கொடுத்த காக்கிச் சட்டையைத்தான் குழியிலும் போட்டுக்கொள்வார். மெதுவாகப் பேசத் தெரியாது. காதோரம் வந்து ரகசியம் சொன்னாலும் கால்வாயின் அந்தப் பக்கம் கேட்கும்.

முதல் நாள் நாஷ்டா சாப்பிட்ட கையோடு என்னை மேட்டின் சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரிசையாகச் சிலுவைகள். காலனியின் கல்லறைத் தோட்டம்.

"இது மேரி சார். என் ஊட்டுக்காரி" என்று ஒரு சிலுவையைக் காட்டினார். பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம், புல் இல்லாமல் சுத்தமாக இருந்தது. "இது என்து. ரிசர்வு."

"வாரா வாரம் செதுக்குவீங்களா?"

"பின்ன? வுட்டா வேற எவனாவது வந்து பட்த்துக்குவான் சார்."

பிறகு அவர் கேட்டதுதான் அந்த சீசன் முழுக்க என்னை விடவில்லை.

"இந்த மோடும் எங்க தோட்டமும் ஒரே சர்வே நம்பரு. கவருமெண்டு கணக்குல தரிசுன்னு போட்டு வெச்சிகிறான். உங்களுக்கு எதுவும் கெடைக்கலன்னா மொத்தத்தையும் கம்பெனிக்குக் குட்த்துடுவான். சரியா?"

"சரி."

"உங்களுக்குக் கெட்ச்சுதுன்னா?"

பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்தால் சுற்றி நூறு மீட்டருக்கு மண்ணைத் தொடக்கூடாது என்பது சட்டம். குழி வெட்ட அனுமதி கேட்கலாம். அனுமதிக் கடிதம் மேலே போய்க் கீழே வரும்வரை பிணம் காத்திருக்காது.

"நீங்க ஜெய்ச்சா குயி வெட்டக்கூடாது. கம்பெனி ஜெய்ச்சா குயி வெட்ட எடமே கெடையாது" என்றார் தேவசகாயம். "நாங்க எந்தக் கட்சி சார்?"

"மேடத்துகிட்ட கேக்கறேன்" என்றேன். அரசு ஊழியன் வேறு என்ன சொல்வான்? மேடத்திடம் கேட்கவும் செய்தேன். அவர், "முதல்ல தோண்டுவோம் சார்" என்றார்.

தேவசகாயம் அதற்காக வேலையில் குறை வைக்கவில்லை. அவர் ஆட்கள் வெட்டிய குழியின் ஓரம் நேராக இருந்தது. கல்லறைத் தோட்டத்துக்கும் அவர்கள்தான் முறை வைத்துக் குழி வெட்டுகிறவர்கள்.

4. படுத்திருந்தவர்

மண் ஆரம்பத்திலிருந்தே பொலபொலவென்று இருந்தது. கைபடாத மண் இறுகி, அடுக்கடுக்காக நிறம் மாறி இருக்க வேண்டும். நாங்கள் அதை லேயர் என்போம். இங்கே லேயரே இல்லை. பானை ஓடுகள் எல்லா ஆழத்திலும் கலந்து வந்தன. ஒரு டிராஃப்ட்ஸ்மேனாகக் குழிச் சுவரைப் பார்த்து நான் வரைய வேண்டிய கோடுகள் எதுவும் அங்கே இல்லை.

"எலி வளையா இருக்கும் சார்" என்றார் மேடம்.

"மழைத் தண்ணியும் இறங்கியிருக்கும்" என்றேன் நான்.

எலியும் மழையும் சேர்ந்தால் தொல்லியலில் எதை வேண்டுமானாலும் விளக்கிவிடலாம். கிடைக்க வேண்டும் என்கிற ஆசை எங்கள் கண்ணை மறைத்தது.

இடுப்பளவைத் தாண்டியதும் எலும்பு தெரிந்தது. தாழிக்குள் இல்லை. கால் நீட்டி, மல்லாந்து, முழு ஆள். மேற்கே தலை, கிழக்கே கால். வலது கைப்பக்கம் துருப்பிடித்த இரும்புக் கட்டி ஒன்று. இடது தொடை எலும்பு முன்னொரு காலத்தில் முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. இந்த மாதிரி முழு எலும்புக்கூடு எங்கள் பக்கத்தில் கிடைத்ததே இல்லை.

தேவசகாயம் குழிக்குள் குனிந்து பார்த்தார்.

"இன்னா மேடம் இது, எங்க ஆளு மாரியே பட்த்துகினு கீறாரு?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதற்கு மேல் யாரும் அதை யோசிக்கவில்லை.

அன்று திருவள்ளூரில் வீட்டு வாசலை மிதித்ததும் பத்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். என் அப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்தவர். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவளுக்கு என் உத்தியோகம் கடைசிவரை செரிக்கவில்லை.

"இன்னிக்கு எதையாவது தொட்டேளா?"

"ஒரு முழு ஆளைத் தொட்டேன்."

"கர்மம். பின்பக்கமா வந்து குளிச்சுட்டு உள்ள வாங்கோ. சட்டையை வாளியில போடுங்கோ, கொடியில போடாதேங்கோ."

5. வேல்முனை

செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. நிருபர்கள் வந்தார்கள். இரும்புக் கட்டி வேல்முனை ஆனது. கோணலான தொடை எலும்பு போரில் பட்ட காயம் ஆனது. மறுநாள் பேப்பரில் "போரில் காயம்பட்ட ஆதி வீரன்" என்று வந்தது. வேல் எப்படி இருந்திருக்கும் என்று வரையச் சொன்னார்கள். துருவுக்கு மேலே புள்ளிக்கோடு போட்டு ஒரு நீளமான வேல் வரைந்தேன். படம் நன்றாக வந்தது. அதையும் பேப்பரில் போட்டார்கள், என் பெயரைப் போடவில்லை. பெயர் போடாததற்காகப் பின்னால் நன்றி சொன்னேன்.

ஒரு பெரிய மனிதர் கார்கள் புடைசூழ வந்தார். குழியை எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். இந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க ஏற்பாடு செய்யப்படும் என்று மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். லாரி யார்டுக்காரர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள்.

தேவசகாயம் கைதட்டவில்லை. கூட்டம் கலைந்த பிறகு மேரியின் சிலுவைக்குப் பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன்.

"முப்பது வருசம் மில்லுல ஃபர்னஸ் பக்கத்துல நின்னேன் சார். சூடு தாங்காம வந்து பட்த்தா அவ விசிறி எட்த்துகினு வருவா. அவ போறப்ப நான் நைட் ஷிப்டு. பக்கத்துல இல்ல. இங்கயாவது பக்கத்துல இருக்கலாம்னு பாத்தேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

"வுடு சார்" என்றார் அவர். "உங்க வேல, நீங்க செய்றீங்க. ஆனா அந்த வீரன் மட்டும் என் கைல உயிரோட கெட்ச்சான்னா பேஜாரு பண்ணிடுவேன்."

6. எலும்புக்கு அடியில்

எலும்பை லேபுக்கு எடுத்துப்போக வேண்டும். ஒவ்வொரு எலும்பாக எண் போட்டு, வரைந்து, பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். விலா எலும்புகளை எடுத்து முடித்த பிறகு மேடம் அடிமண்ணைப் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தார். பிரஷ் நின்றது.

"வரதன் சார்."

அந்தக் குரலே சரியில்லை. இறங்கிப் பார்த்தேன். முதுகெலும்பு இருந்த இடத்துக்கு நேர் கீழே பச்சையாக, வட்டமாக ஒன்று.

"கிரீடம் போட்டிருக்கா மேடம்?" என்று கேட்டேன். முதல் நாளில் என்னிடம் கேட்ட அதே கேள்வி. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

மேடம் குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இரும்புக் கட்டியை எடுத்துவரச் சொல்லித் துருவை மெதுவாகச் சுரண்டினார். உள்ளே இருந்தது கரணை. கொத்தனார் சிமென்ட் பூசுகிற, நாங்கள் மண் சுரண்டுகிற கரணை. மேடத்தின் கையில் அப்போது இருந்ததும் அதுதான், கொஞ்சம் புதுசு. கோணலாகக் கூடிய இடது தொடை எலும்பை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். முன்னுரையில் படித்த பர்மாப் பீரங்கி நினைவுக்கு வந்தது. பேப்பரில் வந்ததில் அந்த ஒரு விஷயம் மட்டும் உண்மை. போரில் காயம்பட்டவர்தான்.

மேஜர் இந்த மேட்டையும் தோண்டியிருக்கிறார். முழுக்கத் தோண்டி முடித்த சமயத்தில் ஜுரத்தில் போயிருக்கிறார். அதனால்தான் அறிக்கையில் இந்த மேடு இல்லை. கூட இருந்த ஆட்கள் அவரை அவர் தோண்டிய குழியிலேயே படுக்கவைத்து மூடியிருக்கிறார்கள். நாங்கள் எலி என்றும் மழை என்றும் சொன்னதெல்லாம் அந்த ஆட்கள் தள்ளிய மண். பூட்ஸ் இல்லை. நல்ல பூட்ஸ் மண்ணில் வீணாகக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் பட்டனை வைத்திருக்கிறார்கள். அவர் உடம்பைக் கிடத்துவதற்கு முன்னால், அவர் கோட்டில் மிச்சமிருந்த ஒரு பட்டனைப் பிய்த்து, அவர் சொல்லிக்கொடுத்தபடியே குழியின் அடியில் வைத்திருக்கிறார்கள்.

தேவசகாயத்திடம் இதைச் சொன்னபோது அவர் சத்தமே போடவில்லை. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"எங்க பாட்டனுங்க தான் சார் வெச்சிருப்பாங்க. கால்வா வெட்ட வந்த ஆளுங்க தான் நாங்க. வேற யாரு இருந்தா இங்க?"

7. போன்

மேடம் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. அந்தப் பக்கம் இருந்தவர் நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

"ஏம்மா, மேடையில அறிவிச்சாச்சு. அந்தப் பட்டன் மேலேருந்து எலி வளை வழியா விழுந்திருக்கலாமில்ல?"

"எலும்புக்கு நேர் கீழ இருக்கு சார். எலி பட்டன் வைக்காது."

"நீ இப்படி எழுதினா உன் சைட்டு போச்சு. தெரியுதா? லாரி வந்து நிக்கும்."

"தெரியுது சார்."

போனை வைத்துவிட்டு மேடம் என்னைப் பார்த்தார். பொய் எழுதினால் கல்லறைத் தோட்டத்தில் யாரும் குழி வெட்ட முடியாது. உண்மையை எழுதினால் கல்லறைத் தோட்டமே இருக்காது. தேவசகாயம் முதல் நாள் கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

நான் வரைபடத்தை விரித்தேன். சைட்டைச் சுற்றி இருப்பதையெல்லாம் வரைய வேண்டும் என்பது விதி. அதனால் மேட்டோடு சேர்த்துக் கல்லறைத் தோட்டத்தின் சிலுவைகளையும் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தேன். மேஜரின் எலும்புக்கூட்டை முந்தின நாள்தான் அதில் சேர்த்திருந்தேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். சரிவிலிருந்து மேலே ஏற ஏறச் சிலுவைகள் பழசாகிக்கொண்டே வந்து, பெயர் தேய்ந்து, கடைசியில் வெறும் கற்களாக நின்றன. எல்லாம் மேற்கே தலை, கிழக்கே கால். எல்லாம் நேர்வரிசை. முதல் வரிசை மேஜரின் பக்கத்திலிருந்து தொடங்கியது.

"இவர்தான் முதல் ஆள்" என்றார் மேடம். "இவருக்குப் பக்கத்துல அவங்க ஆளுங்களைப் புதைக்க ஆரம்பிச்சிருக்காங்க. மேடு வேற, கல்லறை வேற இல்ல சார். எல்லாமே கல்லறை."

அப்படியே எழுதினார். பழைய சின்னம் எதுவும் மிச்சமில்லை, மேஜர் முழுக்க எடுத்துவிட்டார், அவருக்குப் பிறகு இது தொடர்ந்து பயன்பாட்டில் உள்ள கல்லறைத் தோட்டம் என்று எழுதி, என் வரைபடத்தை இணைத்து, வருவாய்த் துறைக்கும் ஒரு பிரதி அனுப்பினார். தனக்குப் பேர் வாங்கித் தரவிருந்த சைட்டைத் தன் கையாலேயே இல்லையென்று எழுத ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது இருந்திருக்குமா என்று தெரியவில்லை. துறையில் அவருக்குக் கொஞ்ச நாள் யாரும் டீ வாங்கிக்கொடுக்கவில்லை.

வருவாய்த் துறை அதிகாரி நேரில் வந்தார். வெள்ளைக்கார ராணுவ அதிகாரியின் கல்லறை என்றதும் ஷூவைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறினார். அத்தனை வருஷம் காலனி சனங்களைப் புதைத்தபோது தரிசாக இருந்த இடம், ஒரு துரை படுத்திருக்கிறார் என்றதும் அரசுக் கணக்கில் மயானமாக மாறியது. இனி லாரியும் வராது, நூறு மீட்டர் சட்டமும் வராது. தேவசகாயத்துக்கு அதில் சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தை முதலில் காட்டினார்.

"எங்க ஆளுங்க அத்தினி பேரு பட்த்துகினு கீறாங்களே சார், அது கண்ணுக்குத் தெர்ல. இந்தாளு ஒர்த்தன் எய்ந்து வந்து சொன்னாதான் கேப்பீங்களா?"

அதிகாரி ஃபைலைப் பார்த்துக்கொண்டார். நான் கால்வாயைப் பார்த்துக்கொண்டேன்.

8. மூடுதல்

மேஜருக்கு வாரிசு யாராவது உண்டா என்று எழுதிக் கேட்டார்கள். யாரும் வரவில்லை. எலும்பைத் திரும்பப் புதைக்க அனுமதி கிடைத்தது. காலனி மொத்தமும் வந்தது. பாஸ்டர் ஜெபம் செய்தார். வெண்கலக் குரலில் பாட்டுப் பாடினார்கள். நான் கிண்டலாகச் சொன்னேன், மேஜருக்கு இப்போதுதான் காது கேட்டிருக்கும் என்று. தேவசகாயம், "அந்தத் தொர செவ்டுன்றதாலதான் சார் எங்க ஆளுங்க இன்னும் கத்திப் பேசிக்கினு கீறோம்" என்றார்.

குழியை மூடும்போது ஒரு சிக்கல் வந்தது. பட்டன் இப்போது தொல்பொருள். மியூசியத்துக்குப் போக வேண்டும். திரும்ப வைக்க விதி இல்லை.

"அப்ப அடியில இன்னா மேடம் போட்றது?"

"நாங்க இப்போ பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுவோம் மேஸ்திரி. நீலக் கலர்."

தேவசகாயம் நீல ஷீட்டைப் பார்த்தார். அது கூரை மேல் மழைக்குக் கட்டுகிற ஷீட். தன் காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் பிடித்து இழுத்தார். மில் தைத்துக் கொடுத்த சட்டை, லேசில் வரவில்லை. பல்லால் கடித்துப் பிய்த்துக் குழிக்குள் இறங்கி நடுவில் வைத்தார். அதன் மேல் மேஜரைக் கிடத்தினார்கள். மேடம் அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. நானும் வரையவில்லை.

9. இன்னொன்று

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் தேவசகாயத்தின் மகன் ஸ்டீபன் போன் செய்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்கிறவன். "அப்பா பூட்டாரு சார்" என்றான்.

பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். மேரிக்குப் பக்கத்தில், அவர் செதுக்கி வைத்திருந்த இடத்தில் குழி வெட்டியிருந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஓரம் நேராக இருந்தது. மலர்விழி மேடமும் வந்திருந்தார்.

பெட்டியை இறக்கப் போனார்கள். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு என் சட்டையின் இரண்டாவது பட்டனைப் பிய்த்தேன். எனக்குப் பல் வலுவில்லை, அதனால் நூல் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. குனிந்து குழிக்குள் போட்டேன்.

"இன்னா சார் அது?" என்று யாரோ கேட்டார்கள்.

"வுடு மாமா. அது அவங்க டிபார்ட்மெண்ட்டு வயக்கம்" என்றான் ஸ்டீபன்.

டிபார்ட்மெண்ட் வழக்கம் நீல ஷீட்தான். திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேடம் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் வாளியில் தண்ணீர் தயாராக இருந்தது. பத்மா சட்டையை உற்றுப் பார்த்தாள்.

"பட்டன் எங்கே? பஸ்ல பிஞ்சு விழுந்துடுத்தா?"

"விழலை. மேஸ்திரிகிட்ட வச்சுட்டு வந்தேன்."

அவள் சட்டையை அன்று வாளியில் போடச் சொல்லவில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஊசியை எடுத்து, டப்பாவில் கிடந்த வேறொரு பட்டனைத் தைத்திருந்தாள். வெள்ளைச் சட்டை, கருப்புப் பட்டன். இன்றும் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. குழியைத் தோண்டுவதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். மூடும்போது மட்டும் அடியில் எதையாவது வையுங்கள். அடுத்து வந்து தோண்டுகிறவருக்கு, இங்கே ஒருவரை இன்னொருவர் படுக்கவைத்துவிட்டுப் போனார் என்று தெரியட்டும். துறை நீல ஷீட்டைப் பரிந்துரைக்கிறது. நான் பட்டனைப் பரிந்துரைக்கிறேன்.